புட்டிப் பணம்

"உபயப் பணத்தைத் திருப்பிக் கொடுங்க."

கோயில் கமிட்டியின் முன்னால் நின்று நான் பேசிய முதல் பேச்சு இதுதான். வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன் என்று பிற்பாடு அப்பா குறைப்பட்டுக்கொண்டார். மறக்கவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

மண்டபத்தில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோயில் தலைவர், பெரிய கங்காணி ஐயாசாமி. வெற்றிலையைத் தாடையில் ஒதுக்கிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தார். அவர் பக்கத்தில் என் அக்கா புருஷன் கனகராஜ் அத்தான், சால்வையும் சந்தனப் பொட்டுமாக. தூணோரம் அப்பா. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பாயின் கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் அவர் என்னிடம் கெஞ்சியிருந்தார். "எதை வேணும்னாலும் கேளு பாக்கியம். வீட்டுல கேளு, கடையில கேளு, துரைகிட்டகூடப் போய்க் கேளு. சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கிற வேலை மட்டும் வேணாம். நம்ம ஜனங்கள்ல எவனும் செய்யாத காரியம்."

நம்ம ஜனங்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். இப்போது யார் வாயை அடைக்கப் போகிறார்கள்?

நான் சிவபாக்கியம். அப்பா சபாபதி, சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருஷம் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். மதராஸில் பி.ஏ., அதன் பிறகு சிங்கப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் வாத்தியார் வேலை. பாதாளத்தில் கிடந்த ரப்பர் விலை மெல்லத் தலை தூக்கிய சமயம், அப்பா கிராணி வேலையை விட்டார். சோடா கம்பெனி வைக்கலாம் என்றார் அத்தான். வெயிலில் காய்ந்து வருகிற தோட்டத்து ஜனங்களுக்குக் கள்ளுக்கடையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? நல்ல யோசனைதான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

அப்பாவின் பணம் கொட்டகைக்கும் புட்டிகளுக்கும் போனது. மிஷின் என் சம்பளச் சேமிப்பில் வந்தது. சிங்கப்பூரில் மிஷின் விற்கிற சீன முதலாளி, தவுக்கேயிடம் நின்று பேரம் பேசியவள் நான். ரசீதில் இருப்பதும் என் பெயர்தான். "யாரு பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒரே குடும்பம்" என்று அத்தான் சிரித்தார். கொட்டகை வாசல் பலகையில் மட்டும் 'கனகராஜ் சோடா கம்பெனி' என்று எழுதிக்கொண்டார். அந்த இடத்தில் குடும்பம் எங்கே போனதென்று தெரியவில்லை. வாத்தியார் வேலையை விட்டு வந்து நான் கணக்கு எழுதினேன். சம்பளம் கிடையாது. வீட்டுப் பெண்ணுக்கு எதற்குச் சம்பளம்?

சோடா வியாபாரத்தில் சோடாவைவிடப் புட்டிதான் விலை. கழுத்தில் கோலி உருளுகிற அந்தக் கெட்டிக் கண்ணாடிப் புட்டி சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். ஐந்து காசு சோடாவைக் குடித்துவிட்டு, புட்டியில் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்துக்கொள்கிறவர்கள் பெருகினால் கம்பெனி தொலைந்தது. அதனால் சரக்கு எடுக்கிறவர்களிடம் புட்டிக்கு இருபத்தைந்து காசு முன்னாலேயே வாங்கிவிடுவோம். புட்டி திரும்பி வந்தால் காசும் திரும்பிப் போக வேண்டும். புட்டிப் பணம் என்பது இதுதான். நம் பெட்டிக்குள் இருக்கும். நம்முடையது ஆகாது.

தோட்டத்துக் கடைக்காரர்களிடம் புட்டிப் பணம் கேட்க முடியாது. கோபித்துக்கொள்வார்கள். அதிலும் ஐயாசாமி கங்காணியின் கடையில் வாயே திறக்கக் கூடாதென்று அத்தானின் உத்தரவு. அவர்களுக்கெல்லாம் சரக்கும் கடன், புட்டியும் கடன். தோட்டத்தில் சம்பளம் போட்ட பிறகுதான் பணம், அதுவும் எந்தச் சம்பளம் என்று கேட்கக் கூடாது. பிறகு யார்தான் புட்டிப் பணத்தை முழுசாகக் கொண்டுவந்து வைத்தார்கள்? கூலி வீட்டு வரிசைகளான லயங்களின் முனையில் கூடை வைத்து விற்ற பெண்கள்.

காளியம்மா அவர்களில் ஒருத்தி. விடிகாலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, மத்தியானத்துக்கு மேல் சோடா. பத்து டஜன் புட்டிக்கு முப்பது வெள்ளி கொண்டுவந்து வைத்தாள். வருஷக்கணக்காகச் சேலை முந்தானையில் முடிந்து சேர்த்தது. "கம்பெனி கிம்பெனியெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. நீ படிச்ச புள்ள. திருப்பித் தருவேன்னு சொல்லு, வச்சுட்டுப் போறேன்" என்றாள். புட்டி வந்த அன்றைக்கே தருவேன் என்று சொன்னேன். சொன்னது என் வாய். கம்பெனியின் வாயில்லை.

கொட்டகையின் தகரச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் மாதாமாதத்துக்குக் கட்டம் போட்டு வைத்தேன். மேலே கைக்கு வரப்போகும் பணம், கீழே கையைவிட்டுப் போகப்போகும் பணம். விற்றதை நான் எழுதவில்லை. விற்றது எப்போது காசாகி வரும் என்பதைத்தான் எழுதினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் பட்டினி கிடந்து செத்துப்போகலாம், அத்தனை இடைவெளி. அத்தானுக்கு அது விளங்கவில்லை. போன மாதத்தை எழுதினால் கணக்கு, வருகிற மாதத்தை எழுதினால் ஜோசியம். "பாருங்க, பி.ஏ. படிச்சுட்டு ஜோசியம் சொல்றா எங்க வீட்டுப் புள்ள" என்று சர்க்கரை மூட்டை இறக்க வந்தவனிடம்கூடக் காட்டினார்.

ஜோசியனுக்குக் கிரகம் வேண்டும். எனக்கு ரப்பர் மரம் போதும். மாசி பிறந்தால் இலை கொட்டும். பால் சுண்டிவிடும். பாதி நாள் வெட்டு இருக்காது, வெட்டு இல்லாதவனுக்குக் கூலி இருக்காது. கூலி இல்லாதவன் சோடா குடிப்பானா? கடைக்காரர்கள் பழைய பாக்கியையும் சேர்த்து இழுப்பார்கள். சர்க்கரைக்கும் சோடாவில் ஏற்றுகிற சிங்கப்பூர் காஸுக்கும் மட்டும் நாங்கள் கைமேல் கொடுத்தாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான், சோடா விற்காமல் காலியாகக் கிடக்கிற புட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பெண்களும் ஒரே வாரத்தில் வந்து நிற்பார்கள். ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் இலை கொட்டியிருக்கும். சுவரில் பங்குனிக் கட்டத்தில் கீழ் வரிசை மேல் வரிசையை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வட்டம் போட்டேன்.

தைப்பூசத்தில் ஜனம் குடித்த குடியில் பணப்பெட்டி மூட முடியாமல் நிறைந்தது. 

"இந்தப் பணத்தைத் தொடாதீங்க அத்தான். இது பங்குனிக்கு வேணும்."

"பெட்டி பிதுங்கிக்கிட்டு கெடக்கு, நீ பஞ்சப்பாட்டு பாடுற."

"பிதுங்குறப்பதான் பயப்படணும். இதுல பாதிக்கு மேல புட்டிப் பணம்."

"பெட்டியில இருக்கிறது பெட்டிக்காரனுது" என்றார் அத்தான். அவரைப் பொறுத்தவரை சர்க்காரும் கிடையாது, சட்டமும் கிடையாது. அந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த வாரமே பங்குனி உத்திர உபயத்துக்குக் கோயிலில் ஏலம் வந்தது. போன வருஷம் கள்ளுக்கடைக் காண்டிராக்டர் எடுத்த உபயம். அவர் நூறு வெள்ளி என்றாராம். அத்தான் எழுந்து நூற்றிருபது என்றாராம். சபையே திரும்பிப் பார்த்ததாம். ஐயாசாமி கங்காணி முதுகில் தட்டிக்கொடுத்தாராம். பணத்தை அன்றைக்கே கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் உபய நோட்டீசைக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரில் ஒட்டினார். இருக்கிற சுவரையெல்லாம் விட்டுவிட்டு என் பங்குனிக் கட்டத்தின் மேல் பசை தடவினார்.

"இது கம்பெனிக்கு விளம்பரம்" என்றார். "வியாபாரம்னா நாலு பேர் வாயில பேர் அடிபடணும்."

மாசி முடியப் போகிறது. தோட்டமெல்லாம் மொட்டை. மூன்று நாளைக்கு முன்னால் காளியம்மா பத்து டஜன் புட்டியோடு வந்தாள். ஒரு புட்டியில்கூட விரிசல் இல்லை, எல்லாம் கழுவி வைத்திருந்தாள். அவள் லயத்தில் ஒருவன் ஊருக்குக் கப்பல் ஏறுகிறான். இருக்கிற கறவை மாட்டை முப்பது வெள்ளிக்குத் தர ஒத்துக்கொண்டிருக்கிறான். மாடு வந்தால் மரம் மொட்டையான மாதத்திலும் தினம் பால்காசு வரும். வராவிட்டால் கங்காணியிடம் வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பெரிய வேண்டும். கங்காணியிடம் வாங்கியவர்கள் திருப்பிக் கட்டி முடித்ததை அந்த லயத்தில் யாரும் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்தேன். நாலு வெள்ளியும் கொஞ்சம் சில்லறையும் கிடந்தன. இரண்டு மூட்டைப் புட்டியையும் அவள் திரும்பத் தூக்கிக்கொண்டு போனாள்.

நேற்று பஸ் ஏறி யோங் பெங் போனேன். எங்களுக்குச் சர்க்கரை கொடுக்கிற ஜெகபர் சாதிக் அங்கேதான் மண்டி வைத்திருக்கிறார். மிஷினை வாங்கிக்கொள்வீர்களா என்று நேராகக் கேட்டேன்.  

"ஓடுற மிஷினை விக்கிறீங்களேம்மா."

"ஓடுது. ஓட்டுறவங்க சரியில்ல."

"சரி. நாளைக்குச் சாயங்காலம் என் லாரி சாஆ வழியா வருது. ஏத்துனா டிரைவர் கையோட பணம் தருவான். மனசு மாறிட்டா சும்மா அனுப்பிடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

திரும்புகிற பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். கோயில் பணம் திரும்பி வந்தால் லாரி வெறுமனே போகும். வராவிட்டால் மிஷின் ஏறும். நடுவில் மூன்றாவது வழி கிடையாது. விடிந்ததும் மிஷினின் அடிப்பலகைத் திருகாணிகளைக் கழற்றிவிட்டேன்.

இப்போது கமிட்டியின் முன்னால் நிற்கிறேன்.

"பாக்கியம்னு பேரு வச்சாலும் வச்சாங்க" என்றார் ஐயாசாமி கங்காணி, "பாக்கி கேக்க வந்துடுச்சு பாரு." பாயில் இருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

"ஆமாங்கய்யா, அதுவும் கேக்கணும். உங்க கடை எங்களுக்கு ரெண்டு மாசச் சோடாப் பாக்கி. அதைக் கொடுத்துட்டாப் போதும். உபயப் பணத்தை நீங்களே வச்சுக்குங்க."

சிரிப்பு நின்றது. அத்தான் எழுந்துவிட்டார். "ஏய்! வாயை மூடு. கங்காணி மாமா, மன்னிச்சுக்குங்க. மதராசுக்கு அனுப்பிக் கெடுத்துட்டாரு மாமனாரு."

"உட்காருப்பா" என்றார் கங்காணி. பிறகு என்னிடம், பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, "ஏம்மா, மரம் இலை கொட்டிக் கெடக்கு. தோட்டத்துல பாதிச் சம்பளம். இந்த மாசத்துல எந்தக் கடைக்காரன்மா பணம் கொடுப்பான்? இதுகூடத் தெரியாமலா கம்பெனி வச்சிருக்கீங்க?"

"தெரியும். தை மாசமே எழுதி வச்சேன். எங்க அத்தான் அது மேல உங்க நோட்டீசை ஒட்டிட்டாரு."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கமிட்டிப் பொருளாளர் சின்னத்தம்பி நல்ல மனுஷன், சண்டை பிடிக்காது. "அந்தப் பணம் இப்போ இல்லைம்மா. நாதஸ்வரத்துக்கு முன்பணம் கொடுக்கணும்ல…"

"கொடுத்தாச்சா?"

"பேசிக்கிட்டிருக்கோம்."

"அப்போ பணம் எங்கே இருக்கு?"

சின்னத்தம்பி கங்காணியைப் பார்த்தார். "தலைவர்கிட்டதான். பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருக்கா, வட்டிக்கு இருக்கா?"

அப்பா "பாக்கியம்!" என்றார். கமிட்டி முன்னால் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தரம்.

கங்காணிக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கோபம் வரத் தேவையில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சாவகாசமாக உட்கார்ந்தார். "இப்போ என்ன, லயமே பேசுது, வாசல்ல உக்காந்திருக்காளே அந்த வெட்டுக்காரி காளியம்மா, அவளுக்கு மாடு வாங்கப் பணம் வேணும். அவ்வளவுதானே? என்கிட்ட வரச்சொல்லு. முப்பது வெள்ளி நான் தரேன்."

"சும்மாவா?"

"சும்மா எவன்மா கொடுப்பான்? எல்லாருக்கும் போடுற வட்டிதான். அவளுக்காகக் கூட்டியா போடப்போறேன்?"

பாயில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெரிய மனசு என்று ஒருவர் வாய்விட்டே சொன்னார்.  அவள் பணம் எங்கள் பெட்டிக்கு வந்தது, பெட்டியிலிருந்து கோயிலுக்கு வந்தது, கோயிலிலிருந்து கங்காணி மடிக்குப் போனது. அங்கிருந்து அவளுக்கே கடனாக வரப்போகிறது, வட்டியோடு. இத்தனை பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், திருநீறு பூசியவர்கள். ஒருவருக்கும் இது உறைக்கவில்லையா? உறைத்தது. உறைத்ததனால்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாமிக்குத்தானேம்மா போகுது" என்றார் தலையாட்டியவர்களில் ஒருவர். "அந்தப் புண்ணியத்துல அவளுக்கும் பங்குண்டு."

தூணில் உபயப் பலகை சாய்த்து வைத்திருந்தது. வர்ணம் இன்னும் காயவில்லை. 'பங்குனி உத்திர உபயம்: கனகராஜ் சோடா கம்பெனி உரிமையாளர் K. கனகராஜ்.'

"அப்போ இதுல அவ பேரையும் எழுதுங்க" என்றேன். "காளியம்மா, பால்வெட்டு. அவளை மாதிரி கூடைக்காரிங்க எல்லார் பேரையும் எழுதுங்க. வர்ணம் காயறதுக்குள்ள எழுதிடலாம்."

"என்ன வெளையாட்டு இது!" என்று அந்த மனிதர் சீறினார். கூலிக்காரி பேரைக் கோயில் பலகையில் எழுதுவதாம். பணத்தை வாங்கும்போது அதில் ரப்பர் பால் நாற்றம் அடித்திருக்கவில்லை போலிருக்கிறது.

அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.  "போதும்மா. வீட்டுக்குப் போலாம். முப்பது வெள்ளிதானே, நான் எப்படியாவது புரட்டிக் கொடுக்கிறேன்."

"காளியம்மாவுக்கு முப்பது. நாளைக்கு மத்த பொம்பளைங்க வருவாங்க. யார்கிட்டப்பா புரட்டுவீங்க?"

 அப்பாவின் கண் போன இடத்தை நான் பார்த்தேன். கங்காணியின் பக்கம் போனது. முப்பது வருஷம் ஒரு படி அரிசிகூடக் கணக்கில் தப்பாமல் ஸ்டோர் பார்த்த மனிதர். அவருடைய கண்ணும் அங்கேதான் போனது.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

"அத்தான், கொட்டகை வாசல்ல இருக்கிற பலகையைக் கழட்டி வீட்டுல மாட்டிக்குங்க. இனி அங்கே தேவைப்படாது."

"என்னடி, பயமுறுத்துறியா?"

"இல்ல, சொல்றேன். மிஷின் ரசீது யார் பேர்ல இருக்கு?"

அத்தானுக்கு உடனே புரியவில்லை. அவருக்குப் பணம் விஷயம் எதுவும் உடனே புரிவதில்லை. புரிந்தபோது சந்தனப் பொட்டுக்கு மேலே வேர்த்தது. "பாக்கியம், என்ன பேசுற நீ? அது குடும்பச் சொத்து. ஒங்க அக்காவை நெனச்சுப் பாரு. நாளைக்கு அவ இந்த ஊர்ல தலைநிமிர்ந்து நடக்க வேணாமா?"

அக்காவை நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இல்லை. இன்று ராத்திரி அவள் என்னைப் பிடித்து உலுக்கி அழுவாள். ஒருவேளை இனி என்னோடு பேசவே மாட்டாள். அதை பஸ்ஸிலேயே நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கட்டத்தையும் போட்டுத்தான் முடிவுக்கு வந்தேன்.

"சாமிக்குச் சொன்ன உபயத்தை நீங்க நடத்துங்க. நான் தடுக்கல. காளியம்மாவுக்குச் சொன்ன வாக்கை நான் நடத்துறேன்."

"பொம்பளைப் புள்ளைக்கு இவ்வளவு திமிரு ஆகாதும்மா" என்றார் கங்காணி. முதல் தடவையாக அவர் குரல் சிரிக்கவில்லை. "நாளைக்கு என்கிட்டதான் வந்து நிக்கணும்."

 பலகையைத் தாண்டி நடந்தேன். பின்னால் அத்தான் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார், "ரசீதாவது மண்ணாவது, நான் பாக்குறேன்" என்று. அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தரம்தான். நின்றால் திரும்பிப் பார்ப்பேன், திரும்பிப் பார்த்தால் அவர் முகம் தெரியும். நிற்கவில்லை.

வாசலில் காளியம்மா தன் இரண்டு புட்டி மூட்டைகளின் நடுவே குந்தியிருந்தாள். உள்ளே பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கேட்காதவள் போலவே கேட்டாள். 

"என்ன சொன்னாங்க தாயி?"

"வட்டிக்குத் தராங்களாம்."

"யாரு பணத்தை?"

"உன் பணத்தைத்தான்."

அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கோயில் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் பேசப்பட்டதிலேயே நியாயமான பேச்சு அதுதான்.

"எந்திரி" என்றேன் செருப்பை மாட்டிக்கொண்டே. "மிஷினை லாரியில ஏத்தணும். இன்னும் ரெண்டு ஆள் கெடைக்குமா?"

"மாட்டுக்காரன் இருக்கான். கூப்பிட்டா ஓடி வருவான்."

ஒரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மற்றதன் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். உள்ளே புட்டிக் கோலிகள் கலகலவென்று உருண்டன. கொட்டகைப் பக்கம் நடந்தோம்.